எட்டாம் நாள்

வியாழன் இரவு ஒன்றரை மணிக்குப் போன் செய்தான் பிலவேந்திரன்.
"பெஞ்சிருச்சு."
வேறெதுவும் சொல்லவில்லை.
அவனுக்குப் பின்னால் தகரக் கூரையில்
யாரோ மூட்டை மூட்டையாக அரிசி கொட்டிக்கொண்டிருந்தார்கள்.

மாசியில் ஒரு மழை போதுமாம் காப்பிக்கு.
ஒரே ஒரு நல்ல மழை, பிறகு எட்டு நாள்.
எட்டாம் நாள் பூக்கும்.
பத்தாம் நாள் பழுப்பாகிவிடும்.
இவ்வளவு குறுகிய அழைப்பை
எங்களில் யாரும் கல்யாணத்துக்குக்கூட வைத்ததில்லை.

நசீமா பள்ளியில் தலைவலி என்று எழுதிக்கொடுத்தாள்.
குழந்தைவேலு தறிக்கூடத்தைத் தம்பியிடம் விட்டுவிட்டு
கரூரிலிருந்து எங்களுக்கு முன்பே வந்து
வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டில் மூன்றாவது டீயில் இருந்தான்.
நான் ஒரு தொகையோடு போனேன்.
கையில் இல்லை, மனதில்.
நாற்பத்தைந்தாயிரம். நான்கு வருடம்.

சித்தரேவு வரை ஒத்திகை பார்த்தேன்:
"தப்பா நினைக்காதே, அந்தப் பணம்
கொஞ்சம் கொஞ்சமாவாவது குடுத்தா நல்லாருக்கும்."
மலை ஏறத் தொடங்கியதும்
கொண்டை ஊசிக்கு ஒரு சொல்லாக உதிர்ந்தது.
பெரும்பாறையில்
"தப்பா" மட்டும் மிச்சம்.

மணம்தான் முதலில் ஏறியது பஸ்ஸுக்குள்.
மல்லிகை என்றாள் நசீமா.
எலுமிச்சம்பூ என்றான் குழந்தைவேலு.
"காப்பிங்க" என்றார் கண்டக்டர்,
திரும்பிப் பார்க்காமல்,
எனக்குத் தரவேண்டிய இரண்டு ரூபாயையும் தராமல்.

தாண்டிக்குடிக்குக் கீழே அவன் சரிவு.
மேலே முள்முருங்கை சிவப்பு சிவப்பாய்க் கத்திக்கொண்டிருக்க
கீழே
கணுவுக்குக் கணு வெள்ளை.
இலை எங்கே என்று தேடவேண்டியிருந்தது.
தேனீக்களின் சத்தம்
தூரத்தில் மாவு மில் ஓடுவது போல,
நிற்கவே இல்லை.

"தோள் படாம வாங்க" என்றான் பிலவேந்திரன்.
"ஒரு பூ கொட்டினா ரெண்டு கொட்டை போச்சு."
ஒரு காலத்தில் முதல் காட்சிக்கு
கவுன்ட்டரை உடைத்துக்கொண்டு நுழைந்த நாங்கள்
வயிற்றை எக்கிக்கொண்டு
பக்கவாட்டில் நடந்தோம்.
குழந்தைவேலுவின் வயிறு எக்கவில்லை.
அவனைக் களத்துமேட்டிலேயே உட்காரவைத்தோம்.

இரவு அருள்சீலி பட்டர் ஃப்ரூட்டில் சர்க்கரை தூவிக் கொடுத்தாள்.
ரம்மியில் நசீமா எல்லோரையும் ஏமாற்றினாள்,
கண்டுபிடித்த நானும் சொல்லவில்லை.
வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு காட்டுமாடு
பெருமூச்சு விட்டது.
இவன் முகத்தைப் பார்த்தேன்.
காலரில் நூல் பிரிந்திருந்தது.
"தப்பா" என்று ஆரம்பித்து,
"தப்பா எறக்கிட்டேன், அந்த ராணியைத் திருப்பிக் குடு" என்றேன்.

காலையில் என்னை மட்டும் ஓடைக்குக் கூட்டிப்போனான்.
சரிவு நெடுக ஒரு கறுப்புக் குழாய்.
"போன மூணு மாசியும் மழை ஏமாத்திருச்சு.
ராத்திரி ராத்திரியா இதுலதான் தண்ணி அடிச்சேன்.
இது உன்னோடது" என்றான்.

முந்நூறு அடி இருக்கும்.
சொந்தக்காரி மாதிரி கூடவே நடந்து பார்த்தேன்.
நடுவில் ஒரு இணைப்பில் நீர் கசிந்தது.
நாலைந்து தேனீக்கள் அதில் உட்கார்ந்து குடித்துக்கொண்டிருந்தன.
"இங்கே ஒழுகுது."
"பார்த்தேன்" என்றான்.
இருவரும் கொஞ்ச நேரம்
அது ஒழுகுவதையே பார்த்தோம்.

ஞாயிறு மதியம் இறங்கும்போது
தோட்டம் பழைய வேட்டி நிறமாகியிருந்தது.
நசீமாவுக்கு இப்போது நிஜமாகவே தலைவலி.
குழந்தைவேலு மடியில் ஒரு மலைவாழைத் தாரைக்
கைக்குழந்தைபோல் பிடித்தபடி தூங்கினான்.

அய்யம்பாளையத்தில் ஜன்னல் வழியே வெயில் ஏறியது.
சால்வையைக் கழற்றினேன்.
மடிப்புக்குள் பழுத்த பூக்கள்,
எண்ணினேன், ஏழு.

பதினான்கு கொட்டை.
கணக்கில் கழித்துக்கொண்டேன்.